எதிரே யாரும் ஏறாத மேடை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் வாக்கோவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. கீழ்த்தளத்துத் தபால் பிரிவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த ஆறடிப் பெண்மணியைக் கைகாட்டி, "இந்த வேலையா? வாக்கோவர்கிட்ட தள்ளிவிடுங்க சார்" என்பார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாள். கால் ஆடுகிற நாற்காலி அவளுக்கு. விடுமுறை நாளில் யாராவது ஒருவர் வந்தாக வேண்டுமென்றால் அந்த ஒருவர் அவள். கட்டினவனும் தான் கேட்டு அவள் முடியாது என்று சொன்ன விஷயம் ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறான்.

புதிதாக வேலைக்கு வந்த குமாஸ்தா ஒருவன், ரொம்பப் படித்தவன், ஒரு மத்தியானம் கைப்பேசியில் அகராதியைத் திறந்து எல்லோரும் கேட்கும்படி வாசித்தான்.

"வாக் ஓவர்னா என்னன்னு போட்டிருக்கான் கேளுங்க. எதிராளி வராததால கிடைக்கிற வெற்றி. கஷ்டமே இல்லாத வெற்றி. சுலபமா தோக்கடிச்சுடலாம்கிற மாதிரி ஆளையும் அப்படித்தான் சொல்றதாம். மூணுமே நீங்கதான்க்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நல்ல மனசு என்பவர்கள் உண்டு. மனசு என்ன நிலையில் இருக்கிறது என்று இந்த இருபது வருஷத்தில் ஒருத்தராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் குத்துச்சண்டைக்காரி. பெண்களின் மிகக் கனத்த எடைப்பிரிவில் அந்த வட்டாரத்தில் அத்தனை தங்கப் பதக்கங்களையும் வாங்கினவள். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. மேடையில் அவள் யாரையும் குத்தியதில்லை. யாரும் அவளைக் குத்தியதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெஞ்சு போதாது. மூன்று பேர் உட்காரும் இடத்தில் அவளும் இன்னொருத்தியும்தான் உட்கார முடியும், அந்த இன்னொருத்தியாக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை. கேலி காதைத் துளைத்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றில் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் நடத்திவந்த மாஸ்டர், தெருவில் அவள் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டார். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். மாஸ்டர் வாசலுக்கு வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

கூடத்தில் அவள் முதல் தடவை குத்துமூட்டையைக் குத்தியபோது மேலே உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். தன் உடம்பைப் பார்த்து யாரும் சிரிக்காமல் நின்றது அன்றைக்குத்தான். அந்த ஒரு நாளுக்காக அவள் உயிரையே கொடுத்திருப்பாள்.

மூட்டை திருப்பிக் குத்தாது. குத்துகிற ஆள் வேண்டும். பையன்களை மாஸ்டர் கூப்பிட்டால் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். பெண்ணை அடித்தால் அசிங்கம், பெண்ணிடம் அடி வாங்கினால் அதைவிட அசிங்கம். மற்ற பெண்கள் எல்லாம் அவளில் பாதி. ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரர்கள் கூடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று மாஸ்டர் பயந்தார். ஆக, கண்ணாடிதான் கதி. கண்ணாடிக்குள் இருந்தவள் இவள் எப்போது குத்தினாளோ அப்போதே குத்தினாள், எப்போது குனிந்தாளோ அப்போதே குனிந்தாள்.

முதல் போட்டிக்கு முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாக் ஓவர் என்றால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஜெயிப்பது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேடை ஏறினதில்லை. அதற்கும் முழுச் சிங்காரமும் உண்டு. கையில் துணி சுற்றி, கையுறை மாட்டி, தலைக்கவசம் கட்டி, பல்லுக்குக் காப்பு வைத்துக்கொண்டு உன் மூலையில் போய் நிற்க வேண்டும். எதிர்மூலைக்காரியின் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மணி அடிக்கும். ஒரு நிமிஷம் எல்லோரும் காத்திருப்பார்கள். அப்புறம் நடுவர் உன் கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிவந்து உயர்த்திக் காட்டுவார். அவ்வளவுதான். தங்கம்.

அந்த எதிர்மூலைக்காரி எங்கிருந்தோ வர வேண்டியவள் என்று அவள் முதலில் நம்பினாள். பிறகுதான் கதை தெரிந்தது. ஒரு பிரிவில் ஒரே ஒருத்தி இருந்தால் பதக்கம் கிடையாது. அதனால் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் உதவியாக, எந்தக் கூடத்திலாவது ஒரு குண்டுப் பெண்ணை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, எடை பார்க்க மட்டும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாஸ்டருக்கும் பதக்கக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் கிடங்கைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அவர் அயோக்கியர் இல்லை. அயோக்கியராக இருந்திருந்தால் அவளுக்குக் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

வீட்டில் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் வரிசையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு வாக் ஓவர்ல மொதலா வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷின்காரி, "அது நடக்கற போட்டியாக்கா?" என்று கேட்க, "பின்னே? அவ நடந்தா தெருவே அதிரும்ல" என்றாளாம். மகள் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் எதிரே யாரும் வரவில்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருத்தரிடம் மட்டும் அவள் மனசு விட்டுப் பேசினாள். போட்டிகளில் பெயர் கூப்பிடுகிற அறிவிப்பாளர், வாலிபத்தில் குதிரைப் பந்தய மைதானத்தில் ஒலிபெருக்கி பிடித்தவர். வராதவளை மூன்று தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டு, காத்து நிற்கிற இவள் மேல் அவருக்கே ஒரு பாசம் விழுந்துவிட்டது.

"வெக்கப்படாதேம்மா. இந்த வார்த்தையே குதிரைக்காரன் வார்த்தைதான். மத்த குதிரையெல்லாம் விலகிட்டா, நிக்கிற ஒரே குதிரை அப்படியே பரிசை வாங்கிட்டுப் போயிட முடியாது. சேணம் கட்டணும், ஆள் ஏறணும், மைதானத்துல அந்தக் கோடு வரைக்கும் நடந்தே ஆகணும். நடந்தாதான் ஜெயிச்சதா கணக்கு."

"அந்தக் குதிரைக்கு தான் ஜெயிச்சது தெரியுமா அண்ணா?"

அவர் ஒலிபெருக்கியை ஊதிப் பார்த்துக்கொண்டார். "பக்கத்துல ஓட்டம் கேக்கலைன்னா அதுக்கு என்னம்மா தெரியும்? காலைல நடக்கக் கூட்டிட்டுப் போறாங்கன்னு நினைச்சிருக்கும்" என்றார்.

பெண்ணுக்கு இருபத்திரண்டு ஆனபோது, பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களை மிஷின் எடுத்துக்கொண்டது. முதலாளி இரண்டு வாரம் பழம் அனுப்பினார், அதன் பிறகு கையைக் கழுவிவிட்டார். வீட்டில் அடுப்பு எரிவது அம்மாவின் காலர்களை நம்பி என்று ஆயிற்று. விளையாட்டு வீரர்களுக்கென்று அரசாங்க உத்தியோகம் ஒன்று இருந்தது, அதற்கு விண்ணப்பம் போட்டாள். பெட்டி நிறையப் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாள். அதிகாரி சலிப்பில்லாமல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேராவது கலந்துகிட்ட பிரிவா இருக்கணும்மா. இதுல எல்லாம் ரெண்டு பேர்தான். ஒண்ணும் செல்லாது. இந்த வருஷப் போட்டியில ஜெயிச்சுட்டு வாங்க. அடுத்த வருஷம் உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிடும்."

வெளியே வந்தபோது வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவளுக்குத் துக்கமே வரவில்லை. நாலு பேர். அப்படியானால் ஒருத்தியாவது நிஜமாக வருவாள்.

அந்த வருஷம் அவள் உழைத்த உழைப்பைப் பார்த்து மாஸ்டரே பயந்துபோனார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பழகினாள். போட்டி நடந்த ஊருக்குப் போனதும் எடை பார்க்கிற வரிசையில் தன்னோடு மூன்று பெண்கள் நிற்பதைப் பார்த்தாள். இரண்டு பேர் மிட்டாய் மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாமவள் பதினெட்டு வயசுக்காரி, நெடுநெடுவென்று, தோள் அகன்றவள். சாயங்காலம் தாழ்வாரத்தில் அவள் கயிறு தாண்டுகிற சத்தம் கேட்டது. தடுமாறாத, ஒரே சீரான சத்தம். இவள் தூண் மறைவில் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். காதலில் விழுந்தவள்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு நிஜச் சண்டைம்மா. எதிர்ல ஆள் இருக்கு."

"அடிச்சுடுவாளாடி?" என்றாள் அம்மா.

"அடிப்பாம்மா" என்றாள் மகள். குரலில் இருந்த சந்தோஷம் அம்மாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் மிட்டாய் தின்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு வியாதியைச் சொல்லிக்கொண்டு விலகிவிட்டார்கள். எடை பார்த்துப் பெயர் பதிந்துவிட்டதால் நாலு பேர் என்ற கணக்கு மட்டும் நின்றது. மிச்சம் இருந்தது நெட்டைச்சிதான். உடை மாற்றும் அறையில் அவள் சாதாரணச் சுடிதாரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு, நீ ஏன் இன்னும் கையில துணி சுத்தல?"

"நான் ஏறலைக்கா. உங்ககிட்ட சொல்லலையா? எங்க சாரும் உங்க மாஸ்டரும் பேசிட்டாங்க. எங்க பையன் ஒருத்தனுக்கு உங்க மாஸ்டர் விட்டுக் குடுக்கறார், உங்களுக்கு எங்க சார் விட்டுக் குடுக்கறார். எனக்கு வாந்தின்னு சொல்லிடுவாங்க."

"நீ நல்லாதானே இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "உங்களுக்கு வேலை கிடைக்கப்போவுதாமே. ரொம்ப சந்தோஷம்க்கா."

மாஸ்டர் மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தார். இவள் போய் நின்ற நிற்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்குச் சண்டை போடணும் மாஸ்டர்."

"போட்டு? தோத்துட்டா?"

"தோத்தாலும் பரவாயில்ல."

"உனக்குப் பரவாயில்ல. உங்கப்பா கையைப் பார்த்துட்டுச் சொல்லு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிம்மா. நீ ஒருத்தரோடயும் ஆடினதில்ல. அது என் தப்புதான். அதுக்குத்தான் ஊரெல்லாம் காலைப் பிடிச்சு இதை ஏற்பாடு பண்ணியிருக்கேன். கெடுத்துடாதே."

அப்பாவின் கை குறுக்கே வந்து நின்றது. ஏறினாள்.

அறிவிப்பாளர் கூப்பிட்டார். அவரும் பாவம், மூன்று தடவைக்கும் நடுவே வழக்கத்தைவிட அதிகமாக இடைவெளி விட்டார். மணி அடித்தது. அந்த ஒரு நிமிஷம் முழுவதும் அவள் எதிர்மூலைப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டைச்சி பார்வையாளர் வரிசையில் பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். இவள் கையைத் தூக்கி, வா, என்று அழைத்தாள். இவள் வாழ்த்துக்குத்தான் கை ஆட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, நெட்டைச்சியும் பன்னோடு கையைத் தூக்கி ஆட்டினாள். நடுவர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கை உயர்ந்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அரங்கமே காலியானது. நெட்டைச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இவள் வழிமறித்தாள்.

"ஒரே ஒரு ரவுண்டு. நடுவர் வேண்டாம், யாரும் வேண்டாம். எனக்கும் உனக்கும் மட்டும். வாம்மா."

"அக்கா, எனக்கு பஸ் இருக்கு."

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஆறடி உயரத்துக்காரி ஒருத்தி இப்படிக் கேட்டால் யார்தான் முடியாதென்று சொல்வார்கள்? அந்தப் பெண் பையை வைத்தாள். சுடிதார் மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டாள். மணி அடிக்க ஆளில்லை. இவளே மூலைக் கம்பத்தைத் தட்டினாள்.

எதிரே ஒரு ஆள். கண்ணாடி இல்லை, மூட்டை இல்லை. இவள் எதிர்பார்க்காத நேரத்தில் நகர்கிற, மூச்சு விடுகிற ஒரு ஆள். நெட்டைச்சியின் இடது கை நீண்டு வந்து இவள் கையுறையில் லேசாகத் தட்டியது. அந்தத் தட்டு முழங்கை வரைக்கும் ஏறியது. சந்தோஷத்தில் இவளுக்குக் கண் கலங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், காலை வைத்தாள், இத்தனை வருஷமாகத் தூசி கொட்டவைத்த வலது கையை விட்டாள்.

அது படவில்லை. தோளிலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. நெட்டைச்சியின் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போயிற்று அந்தக் கை.

நெட்டைச்சி தொப்பென்று விழுந்தாள்.

"அம்மாடி! செம குத்துக்கா" என்றாள் தரையிலிருந்து.

"படலையே."

"பட்டுச்சுக்கா."

"படலடி. எந்திரி."

"எந்திரிச்சா மறுபடியும் விழணும்க்கா. பஸ் போயிடும்."

இவள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நீ அடி. ஒரே ஒரு அடி. அடிச்சுட்டுப் போ."

அந்தப் பெண்ணின் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உங்களை எதுக்குக்கா நான் அடிக்கணும்? எவ்வளவு நல்லவங்க நீங்க" என்று சொல்லி, பல்லால் கையுறைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எழுந்து போனாள். போகும்போது பையைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த பன்னை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலை கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு மருந்து கிடைத்தது, அம்மா காலர் தைப்பதை நிறுத்தினாள். யாராவது கேட்டால் அவளே சொல்வாள், மாஸ்டர் செய்தது நல்லதுதான் என்று. அதற்குப் பிறகு அவள் கையுறை மாட்டவில்லை. எதற்காக மாட்ட வேண்டும்? தான் குத்துச்சண்டைக்காரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை எல்லோரும் சேர்ந்து அவள் மேல் இருந்த அன்பினால் அடைத்துவிட்டார்கள்.

போட்டி முடிந்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் படி ஏறும்போதே அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய துண்டு, வலித்தைலம், பஞ்சு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். காலையிலிருந்து அம்மாவும் அப்பாவும் சாப்பிடவில்லை. அம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஜெயிச்சுட்டேன்மா."

"அதை விடுடி. அடிச்சாளா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "அடிச்சா" என்றாள்.

"எங்கே?"

எங்கே என்று காட்டுவது? இடது விலாவைத் தொட்டாள்.

அம்மா சட்டையை விலக்கிப் பார்த்தாள். "கன்னிப் போகலையேடி."

"உள்ள அடிம்மா."

"பாவி, எப்படி அடிச்சிருக்கா பாரு" என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே அம்மா துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து விலாவில் வைத்து அழுத்தினாள். தோல் சிவந்தது. மறுபடியும் நனைத்தாள், பிழிந்தாள், வைத்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா" என்றாள் மகள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள், உடம்பு குலுங்கக் குலுங்க. அவள் அப்படி அழுது அப்பா பார்த்ததில்லை, எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"அழு, அழுதா வலி குறையும்" என்று தலையைத் தடவிவிட்டாள் அம்மா. துண்டு ஆறிப்போயிருந்தது. தண்ணீரைத் திரும்பச் சுட வைக்க அவள் அடுப்படிக்குப் போனாள்.